தார்ச்சாலைக்கும் சோர்வு உண்டு

மழைக்காலம் முடிந்த வாரத்தில் எட்டாம் வகுப்புக்குச் சென்று, "நம் ஊர்ச் சாலை ஏன் இப்படி ஆனது?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாக் கைகளும் உயரும். "மழை பேஞ்சதால சார்" என்பார்கள். ஒன்றிரண்டு பேர், "மணல் லாரி போறதால" என்பார்கள். இரண்டாவது விடை உண்மைக்குக் கொஞ்சம் அருகில் வருகிறது. ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்: "அதே லாரி நேற்றும் போனது, போன மாதமும் போனது. அப்போதெல்லாம் தாங்கிய சாலை இப்போது ஏன் உடைகிறது?"

ஒரே முறையில் உடைக்கும் வலிமை இல்லாத சிறு சுமை, திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடுகிறது. பொறியியலில் இதற்கு 'ஃபடீக்' என்று பெயர். தமிழில் சோர்வு என்றே சொல்லலாம். சாலைக் கலவையின் இந்தச் சோர்வை ஆய்வுக்கூடத்தில் எப்படி அளக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டால், எட்டாம் வகுப்பின் 'விசையும் அழுத்தமும்', ஒன்பதாம் வகுப்புக் கணக்கின் அறிவியல் குறியீடு, பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் தகைவு, திரிபு, ஹூக் விதி ஆகிய இடங்களில் மாணவர்களின் காலடியில் இருக்கும் பொருளைக் கொண்டே பாடம் நடத்தலாம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் எண்ணவும் அளக்கவும் வேலை உண்டு.

சோர்வைப் பற்றிய ஆராய்ச்சி சாலையில் தொடங்கவில்லை, ரயிலில் தொடங்கியது. 1842-இல் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் நோக்கி வந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெரும் விபத்து நேர்ந்தது. நல்ல இரும்பு எப்படி முறிந்தது என்று பலரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பின்னர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழலவிட்டு லட்சக்கணக்கான முறை வளைத்துப் பார்க்கும் இயந்திரங்களை உருவாக்கினார். சுமை குறையக் குறைய, முறிவதற்கு ஆகும் முறைகளின் எண்ணிக்கை மிக வேகமாகக் கூடியது. அவர் காட்டிய இந்தத் தொடர்பே இன்றைய சாலைச் சோதனைகளுக்கும் அடிப்படை.

கீழே தொடங்கும் விரிசல்

சக்கரம் ஏறும்போது தார் அடுக்கு மிகச் சிறிதளவு கீழ்நோக்கி வளைகிறது. வளையும்போது மேற்பகுதி நெருக்கப்படுகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. சக்கரம் கடந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இதை வகுப்பில் காட்டப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்று போதும். அதன் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் வரையுங்கள். இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். மேலே கோடுகள் நெருங்கும், அடியில் விலகும். கல்லும் தாரும் கலந்த கலவை நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையை அந்த அளவுக்குத் தாங்காது. எனவே நுண்விரிசல் அடியில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாமல் மேல்நோக்கி வளர்கிறது. மேற்பரப்பில் முதலைத்தோல் போன்ற கட்டம் கட்டமான விரிசல்கள் தெரியும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். பிறகுதான் மழைநீர் அந்த வழியாக இறங்குகிறது, கல் பெயர்கிறது, பள்ளம் விழுகிறது. எல்லா விரிசலும் இவ்வகை அல்ல. மேலிருந்து கீழே இறங்குபவையும் வெயிலில் முதுமையடைந்து வெடிப்பவையும் உண்டு. ஆனால் சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத்தோல் தெரிந்தால் பெரும்பாலும் சோர்வுதான் காரணம்.

இடையில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். நாம் தார் என்று சொல்வது இன்று பெரும்பாலும் தார் அல்ல. தார் நிலக்கரியிலிருந்து கிடைப்பது. சாலையில் ஊற்றுவது பிட்டுமென்; கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பின் எஞ்சுவது. மக்கள் வழக்கில் தார் என்பது நிலைத்துவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். மாணவர்களுக்கு மட்டும் வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள்.

இந்தப் பொருள் பாதி திண்மம், பாதி திரவம். வேகமாகத் தட்டினால் கல்போல் நடந்துகொள்ளும். நெடுநேரம் விட்டுவைத்தால் ஒழுகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தாமஸ் பார்னெல் ஒரு புனலில் இதன் உறவினரான கருங்கீலை ஊற்றி வைத்தார். சுத்தியலால் அடித்தால் நொறுங்கும் அப்பொருளிலிருந்து 2014 வரை விழுந்தவை ஒன்பது சொட்டுகள்தாம். இந்த இரட்டைக் குணம்தான் சாலைச் சோதனையைக் கடினமாக்குகிறது. எந்த வெப்பநிலையில், எவ்வளவு வேகத்தில் வளைத்தோம் என்று சொல்லாமல் தந்த அளவீட்டுக்குப் பொருளே இல்லை.

இரண்டு தாள் தடிமன்

ஆய்வுக்கூடத்தில் அதிகம் பயன்படுவது நான்குபுள்ளி வளைப்புச் சோதனை. அமெரிக்காவில் 1987 முதல் நடந்த நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் செம்மைப்படுத்திய முறை இது. சூடான ஜல்லி, கல்தூள், தார் ஆகியவற்றைக் கலந்து, அழுத்திப் பாளமாக்கி, வைரப்பல் வாளால் நான்கு பக்கமும் அறுத்து ஒரு கட்டையை எடுக்கிறார்கள். பொறியியல் நூல்களில் இதை விட்டம் என்று எழுதுவது வழக்கம். வட்டத்தின் விட்டம் படித்த பிள்ளைகள் குழம்புவார்கள் என்பதால் கட்டை என்கிறேன். நீளம் 380 மி.மீ., அகலம் 63 மி.மீ., உயரம் 50 மி.மீ. கன அளவு காணச் சொல்லுங்கள்: 1,197 கன செ.மீ. அடர்த்தி சுமார் 2.4 என்று கொண்டால் நிறை 2.9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் தாரின் பங்கு எடையில் 5 சதவீதம் என்று வைத்தால் ஏறத்தாழ 140 கிராம். அவ்வளவு கல்லையும் பிடித்து வைத்திருப்பது இந்தச் சிறு அளவுதான்.

கட்டையை நான்கு இடங்களில் இறுக்கிப் பிடிக்கிறார்கள். வெளிப்பக்கப் பிடிகள் இரண்டும் அசையாது. உட்பக்கப் பிடிகள் இரண்டும் மேலும் கீழும் தள்ளும். நடுப்பகுதி முழுவதும் ஒரே அளவு வளைவு கிடைப்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஒரே புள்ளியில் அழுத்தினால் அந்தப் புள்ளியில் பெரிய ஜல்லி இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் வேறு விடை வரும். பொதுவாக 20 டிகிரி செல்சியஸில், நொடிக்கு 5 முதல் 10 முறை வளைக்கிறார்கள்.

எவ்வளவு வளைக்கிறார்கள்? இங்கேதான் மாணவர்கள் வியப்பார்கள். அடிப்பகுதியின் திரிபு 400 மைக்ரோ என்று வைத்துக்கொள்வோம். அதாவது 10 லட்சத்தில் 400 பங்கு; அறிவியல் குறியீட்டில் 4 × 10⁻⁴. ஒரு மீட்டர் நீளத்தில் 0.4 மி.மீ. நீட்சி. இந்தத் திரிபுக்குக் கட்டையின் நடுப்பகுதி நகர்வது சுமார் 0.2 மி.மீ. மட்டுமே. ஏ4 தாள் நூற்றை அடுக்கி உயரத்தை அளந்து நூறால் வகுத்தால் ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. வரும், இதை ஐந்தாம் வகுப்பே செய்யும். ஆக, இரண்டு தாள் தடிமன் அளவு மேலும் கீழும் அசைத்தே கல்போன்ற அந்தக் கட்டையைச் சேதப்படுத்திவிடுகிறார்கள். நொடிக்கு 10 முறை என்றால் ஒரு லட்சம் முறைக்கு 10,000 நொடி. 2 மணி 46 நிமிடம் 40 நொடி. பத்து லட்சம் முறைக்கு ஒரு நாளைத் தாண்டி ஏறக்குறைய 28 மணி நேரம்.

இதில் கட்டை இரண்டாக உடைவதற்குக் காத்திருப்பதில்லை. வளைக்கத் தேவைப்படும் விசையைக் கருவி ஒவ்வொரு முறையும் பதிவு செய்கிறது. உள்ளே நுண்விரிசல் பெருகப் பெருகக் கட்டை தளர்கிறது. அதே அளவு வளைக்கக் குறைந்த விசையே போதும். தகைவைத் திரிபால் வகுத்தால் கிடைக்கும் விறைப்பு இப்படிக் குறைந்துகொண்டே வரும். 50-வது சுழற்சியில் இருந்த விறைப்பைத் தொடக்க அளவாகக் கொண்டு, அது பாதியாகும்போது கட்டை 'தோற்றது' என்று குறிக்கிறார்கள்.

ஏன் பாதி? 60 சதவீதமாக இருக்கக் கூடாதா? இயற்கை அப்படி எந்த எல்லையையும் வகுக்கவில்லை. நாம் 35 மதிப்பெண்ணைத் தேர்ச்சி என்று வைத்திருப்பது போன்ற ஓர் உடன்பாடுதான் அது. இந்த மனநிறைவின்மையால் பின்னர் வேறொரு வழி வந்தது. எத்தனையாவது முறை என்ற எண்ணையும், அப்போது மிச்சமிருக்கும் விறைப்பின் பங்கையும் பெருக்கிக்கொண்டே போவது. தொடக்கத்தில் முறைகளின் எண்ணிக்கை வேகமாகக் கூடுவதால் பெருக்கல் பலன் ஏறும். விரிசல் ஒன்றுகூடிப் பெரிதாகத் தொடங்கியதும் விறைப்பு சட்டெனச் சரிந்து, பலன் இறங்கும். உச்சி எங்கே வருகிறதோ அதுவே தோல்வி. மேல்நிலை வகுப்பில் பெருமம் நடத்தும் கணித ஆசிரியருக்கு இதைவிட இயல்பான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரே பாளத்தில் அறுத்த இரண்டு கட்டைகளின் ஆயுள் இரண்டு, மூன்று மடங்கு வேறுபடுவதும் உண்டு. ஜல்லி எங்கே அமர்ந்தது, காற்றிடைவெளி எங்கே கூடியது என்பதெல்லாம் கட்டைக்குக் கட்டை மாறும். அதனால் ஒவ்வொரு திரிபு அளவுக்கும் பல கட்டைகளைச் சோதிக்கிறார்கள். சராசரி எதற்கு, வீச்சு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம்.

கேள்வியை மாற்றினால் விடை மாறும்

இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இனி வருவது. மேலே சொன்ன முறையில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வளைத்தோம், திரிபு மாறிலி. இதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் ஒரே விசையைத் தரலாம். அப்போது தகைவு மாறிலி. கேட்பதற்குச் சிறு மாற்றம்தான். விளைவு தலைகீழ்.

இரண்டு கலவைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று விறைப்பானது, மற்றொன்று மென்மையானது. இரண்டையும் ஒரே விசையால் தள்ளினால் விறைப்பானது குறைவாகவே வளையும். எனவே நீண்ட நாள் வாழும். மென்மையானது அதிகம் வளையும். விரிசல் விழ விழ மேலும் தளர்ந்து, அதே விசைக்கு இன்னும் அதிகமாக வளைந்து, விரைவில் இரண்டாகிவிடும். இப்போது இரண்டையும் ஒரே அளவு வளைத்துப் பாருங்கள். விறைப்பானதை அந்த அளவுக்கு வளைக்க அதிக விசை வேண்டும். உள்ளே தகைவு கூடும். அதுவே முதலில் தோற்கும். மென்மையானது வளைந்து கொடுத்து வெகுநாள் பிழைக்கும்.

எது நல்ல கலவை? சாலையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. தார் அடுக்கு மெல்லியதாக இருந்தால், எவ்வளவு வளைவது என்பதைக் கீழே உள்ள ஜல்லி அடுக்கும் மண்ணுமே முடிவு செய்கின்றன. அங்கே ஒரே வளைவுச் சோதனை பொருந்தும்; மென்மையான கலவைக்கு வாய்ப்பு அதிகம். அடுக்கு தடித்ததாக இருந்தால் சுமையைத் தானே ஏற்கிறது, ஒரே விசைச் சோதனை அங்கே உண்மைக்கு நெருக்கம், விறைப்பானது வெல்லும். ஒரே பொருள், இரண்டு வினாத்தாள், இரண்டு தரவரிசை. ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிய அனுபவம் அல்ல.

வேறு சோதனைகளும் உண்டு. வட்டத் துண்டைப் படுக்கவைத்து மேலிருந்து திரும்பத் திரும்ப நெருக்கினால், குறுக்கே இழுவிசை தோன்றி நடுவில் பிளக்கும். போட்டு முடித்த சாலையிலிருந்தே உருளையாகத் துளைத்தெடுத்து இப்படிச் சோதிக்கலாம் என்பது இதன் வசதி. பிரான்சில் அடி அகன்று நுனி குறுகிய கட்டையை நிறுத்தி, நுனியைப் பிடித்து 10 டிகிரியில் நொடிக்கு 25 முறை ஆட்டுகிறார்கள். பத்து லட்சம் முறை தாங்கக்கூடிய திரிபு எது என்பதே அவர்களின் கேள்வி.

ஓய்வு என்ற மருந்து

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த ஆயுளை அப்படியே சாலைக்குச் சொன்னால் தவறாகிவிடும். சாலை பெரும்பாலும் ஆய்வுக்கூடக் கணிப்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தாங்குகிறது. முக்கியக் காரணங்களில் ஒன்று ஓய்வு. கருவி நொடிக்குப் பத்து முறை விடாமல் வளைக்கிறது. சாலையில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையே நேரம் கிடைக்கிறது. பாதி திரவமான தார் அந்த நேரத்தில் நுண்விரிசலின் இரு கரைகளையும் மெல்ல நனைத்து ஒட்டவைக்கிறது. வெப்பம் கூடினால் இந்த ஆறுதல் விரைவாகும். இரும்பு அச்சுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அதனால்தான் ஆய்வுக்கூட எண்ணை ஒரு திருத்தக் காரணியால் பெருக்கிச் சாலைக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் காரணி உண்மையான சாலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே கிடைக்கும்.

அப்படி ஒப்பிட உதவிய பெரிய சோதனை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊரருகே நடந்தது. மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் பெயரால் அதை ஆஷோ சாலைச் சோதனை என்பார்கள். ஆறு சுற்றுப்பாதைகளில் வெவ்வேறு தடிமனில் சாலைத் துண்டுகளைப் போட்டு, 1958 முதல் 1960 வரை ராணுவ வீரர்களைக் கொண்டு லாரிகளை ஓட்டினார்கள். மொத்தம் சுமார் 11 லட்சத்து 14 ஆயிரம் அச்சுச் சுமைகள். ஆறில் ஒரு சுற்றில் மட்டும் வண்டி ஓட்டவே இல்லை. ஏன் என்று மாணவர்களிடம் கேளுங்கள். வெயிலும் மழையும் பனியும் மட்டும் செய்யும் சேதத்தைப் பிரித்தறிய அது தேவை. கட்டுப்பாட்டு அமைப்பு என்று நாம் விதை முளைப்புச் சோதனையில் சொல்வதும் இதையேதான்.

அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் சேதம் கூடுகிறது என்பது அங்கே கிடைத்த புகழ்பெற்ற முடிவு. சாலையின் வகையைப் பொறுத்து அடுக்கு சற்றுக் கூடும், குறையும். நான்கு என்பது நடைமுறை விதி. சுமையை இரட்டித்தால் சேதம் 2⁴, அதாவது 16 மடங்கு. ஒரு காரின் அச்சில் அரை டன், ஒரு லாரியின் அச்சில் 10 டன் என்றால் விகிதம் 20. நான்காம் அடுக்கு 1,60,000. அந்த அச்சு ஒரு முறை போவது கார் அச்சு ஒரு லட்சத்து அறுபதாயிரம் முறை போவதற்குச் சமம். மணல் லாரியைக் குறிப்பிட்ட அந்த மாணவனை இப்போது பாராட்டலாம்.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றும் தரலாம். நான்கு டயர் கொண்ட தனி அச்சுக்கான எடை வரம்பு 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. உயர்வு சுமார் 13 சதவீதம். சேதம்? 11.5-ஐ 10.2-ஆல் வகுத்து நான்காம் அடுக்கு கண்டால் சுமார் 1.6. "சுமை கூடினால் நடை குறையுமே சார்" என்று யாராவது கேட்டால் நல்ல கேள்வி. வண்டியையும் சேர்த்த மொத்த எடையில் டன் ஒன்றுக்குக் கணக்கிட்டாலும் சேதம் சுமார் 1.4 மடங்கு வருகிறது. எரிபொருளும் ஓட்டுநர் நேரமும் மிச்சமாவதை எதிர்த்தட்டில் வைத்து வகுப்பே விவாதிக்கட்டும். இதே கணக்கு சாலைக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வடிவமைப்பு வழிகாட்டியில் சோர்வு ஆயுள், திரிபின் 3.89-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. அடுக்கைச் சற்றுத் தடிமனாக்கித் திரிபைப் பத்து சதவீதம் குறைத்தால் ஆயுள் சுமார் ஒன்றரை மடங்காகும்.

வகுப்பறையில் கட்டுக்கம்பி

கொத்தனார்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பியோ தாள் கவ்வியோ போதும். ஒரே சுருளில் வெட்டிய சம நீளத் துண்டுகளைக் குழுக்களுக்குக் கொடுங்கள். ஒரு குழு 30 டிகிரி, ஒரு குழு 60, ஒரு குழு 90 என்று கோணத்தை அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டு, ஒரே வேகத்தில் முன்னும் பின்னும் வளைத்து, முறியும் வரை எண்ண வேண்டும். ஒவ்வொரு கோணத்துக்கும் ஐந்து துண்டாவது தேவை. முறிந்த முனை குத்தும். தொடக்க வகுப்புகளில் ஆசிரியரே வளைத்து, பிள்ளைகள் எண்ணட்டும். வேகமாக வளைத்ததும் வளைவிடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். தார்க் கட்டையும் இப்படிச் சூடாகிறது. சோதனையின் தொடக்கத்தில் விறைப்பு குறைவதில் ஒரு பகுதி சேதத்தால் அல்ல, இந்தச் சூட்டால்தான்.

கம்பிக்கு எத்தனை முறை என்று நான் இங்கே எண் தரவில்லை. கம்பிக்குக் கம்பி மாறும். தந்தால் அந்த எண்ணே எல்லா நோட்டிலும் வந்துவிடும். கோணத்தை ஓர் அச்சிலும் முறைகளின் எண்ணிக்கையை மற்றோர் அச்சிலும் குறித்தால் வளைகோடு வரும். மேல்நிலை மாணவர்கள் இரண்டுக்கும் மடக்கை எடுத்து மீண்டும் வரையட்டும். புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டி விழுகின்றனவா என்று பார்க்கலாம். தார்க் கலவைக்குத் திரிபையும் ஆயுளையும் இப்படி வரைந்தே அந்த 3.89 போன்ற அடுக்குகளைக் கண்டார்கள். ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். நாம் கம்பியை நிரந்தரமாக மடங்கும் அளவுக்கு வளைக்கிறோம். சாலையோ கண்ணுக்கே தெரியாத அளவு வளைந்து மீள்கிறது. அதனால்தான் கம்பி சில முறைகளிலேயே முறிகிறது, சாலைக்கு லட்சங்கள் தேவைப்படுகின்றன.

நேரம் இருந்தால் இன்னொரு சோதனை. முறியும் எண்ணிக்கை தெரிந்தபின், புதிய துண்டுகள் சிலவற்றை அதில் பாதி முறை மட்டும் வளைத்து, பெயரெழுதி மறுநாள் வரை வைத்திருங்கள். மறுநாள் மீதியை எண்ணிக் கூட்டினால், ஓய்வே தராமல் வளைத்த துண்டுகளின் எண்ணிக்கையை ஒட்டியே வரும். கம்பி இரவு முழுவதும் ஓய்வெடுத்தும் ஏன் தேறவில்லை, தார் மட்டும் எப்படித் தேறுகிறது என்ற கேள்வியை அன்றைய வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.